அந்தத் தாயத்தைத் திறக்க வேண்டாம்

வாசகர் கேள்வி

வணக்கம் ஐயா. எனக்கு வயது 49. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். 1984-இல் நாங்கள் பினாங்கு கடைத்தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில், ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கீழே ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று வயதுத் தம்பியை என் கையில் பிடித்துக் கொடுத்து, "பார்த்துக்கோ" என்றார். எனக்கு அப்போது எட்டு வயது. கடலை விற்கும் கச்சான் பூத்தே வண்டி வந்தது. காசு கொடுத்துக் காகிதக் கூம்பை வாங்கிக்கொண்டு திரும்பினால் தம்பி இல்லை. சேலை கட்டிய ஒரு பெண் அவனைத் தூக்கிக்கொண்டு ஃபெரி பக்கம் போனதாக எதிர்க்கடை அண்ணன் சொன்னார். பிள்ளை அழவே இல்லையாம்.

அப்பா அன்றிரவே போலீஸ் ரிப்போர்ட் செய்தார். தமிழ் நேசனில் தம்பியின் படம் வந்தது. அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அப்பா 2011-இல் இறந்துவிட்டார். அம்மாவுக்கு 76. மறதி தொடங்கிவிட்டது. தம்பியின் தொப்புள்கொடியை அடைத்த வெள்ளித் தாயத்தை பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். தினமும் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வைப்பார்.

போன மாதம் என் மகன் டிக்டாக்கில் ஒருவரைக் காட்டினான். சுங்கை சிப்புட் பக்கம் லாரி ஓட்டுகிறவர். தன்னைப் பெற்றவர்கள் யாரென்று தெரியாது என்று பேசுகிறார். தம்பிக்கு இருந்ததுபோலவே இடது புருவத்தில் தழும்பு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாமா? மாமாவோ, "நாப்பது வருசம் ஆச்சு. செத்துட்டான்னு கோர்ட்ல எழுதி வாங்கி வீட்ட உன் பேருக்கு மாத்து, கருமாதியையும் முடிச்சிடு" என்கிறார். ஈப்போவில் மை போட்டுப் பார்ப்பவர் ஒருவர் மூவாயிரம் வெள்ளி கேட்கிறார். போலீஸில் அந்தப் பழைய கேஸ் இன்னும் உயிரோடு இருக்குமா? அன்று நான் திரும்பாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு மட்டும் என்னை விடவே இல்லை.

— பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

வழக்கறிஞரின் பதில்

சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பிஸ்கட் டின்னில் இருக்கும் தாயத்து, அங்கேதான் என் கண் நின்றது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தொப்புள்கொடி தாயின் உடலைச் சேர்ந்தது என்று பலரும் நினைக்கிறோம். அது பிள்ளையின் சதை. அப்படியானால் உங்கள் தம்பியின் உடம்பில் ஒரு துண்டு இந்த நாற்பது வருடமும் உங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. காய்ந்து சருகாகிவிட்ட கொடியிலும் டிஎன்ஏ தங்கும். ஜப்பானில் பிள்ளையின் தொப்புள்கொடியைச் சின்ன மரப்பெட்டியில் போட்டுக் காலமெல்லாம் வைத்திருக்கும் வழக்கம் உண்டு. அங்கே பல ஆண்டுகள் பழைய கொடியிலிருந்து டிஎன்ஏ எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுத் தாயத்தில் இருப்பது நம் ஊர் ஈரக்காற்றில் கெட்டும் போயிருக்கலாம். கெட்டதா இல்லையா என்பதைச் சோதனைக்கூடம் சொல்லட்டும். அதுவரை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: திறக்காதீர்கள். வழக்கமாகத் தாயத்தின் வாயை அரக்கு வைத்து அடைத்திருப்பார்கள். அந்த அரக்கு உடையக் கூடாது. பாலிஷ் போடக் கொடுக்க வேண்டாம், மஞ்சள் தண்ணீரில் கழுவ வேண்டாம், உள்ளே இருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

அதற்காக அம்மா கையிலிருந்து அதைப் பிடுங்கி எங்கேயும் பூட்டி வைத்துவிடாதீர்கள். வெளியே தடவுவதால் உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. சோதனைக்குக் கொடுக்கும் நாள் வரும்போது அவரிடம் சொல்லிவிட்டு எடுத்தால் போதும். இப்போதைக்குத் தாயத்தையும் டின்னையும் நான்கு பக்கமும் படம் எடுத்து, எந்தக் குழந்தையுடையது, யார் அடைத்தது, எந்த ஆண்டிலிருந்து யார் கையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வையுங்கள். நாளைக்கு ஒருவர் 'இது அந்தப் பிள்ளையுடையதுதானா' என்று கேட்டால் பதில் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

அதைவிட அவசரமானது அம்மாவின் உமிழ்நீர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் என் அலுவலகத்துக்கு வந்தது. அவர்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை தொலைந்த கதை. தாயாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரம் அது. பிள்ளையாக இருக்கக்கூடும் என்று ஒருவர் கிடைத்திருந்தார். ஆனால் தாயாரைத் தகனம் செய்து சாம்பலையும் கடலில் கரைத்தாகிவிட்டது. சீப்பு, பல்செட், தலையணை எல்லாவற்றையும் துணிமணியோடு சேர்த்து ஒழித்துவிட்டார்கள். மூத்த மகன் என் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "ஒரு மாசம் முன்னால வந்திருக்கலாம் சார்" என்றார். அந்தக் கைகள் எனக்கு மறக்கவில்லை. இந்த பதிலை இவ்வளவு அவசரமாக எழுதுவதற்கு அவர்தான் காரணம்.

கணக்கு எளிமையானது. பிள்ளையின் டிஎன்ஏவில் பாதி தாயுடையது. தாய் இருந்தால், வந்து நிற்பவர் அவர் பெற்ற பிள்ளையா இல்லையா என்பதற்குச் சோதனை நேராக பதில் சொல்லிவிடும். தாய் இல்லாமல் அக்கா மட்டும் இருந்தால் கதை வேறு. உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி ஒத்துப்போவார்கள். ஆனால் அந்தச் சராசரி ஒருவருக்கு ஒருவர் கூடும், குறையும். சில நேரம் முடிவு 'இருக்கலாம்' என்பதோடு நின்றுவிடும். நாற்பது வருடம் காத்திருந்தவர்களுக்கு 'இருக்கலாம்' என்ற தாள் பெரிய கொடுமை. அப்பாவுக்குத் தம்பியோ அண்ணனோ உயிரோடு இருக்கிறாரா? இருந்தால் அந்தச் சித்தப்பாவின், பெரியப்பாவின் மாதிரியும் வேண்டும். அப்பா வழியில் மகனுக்கு மகன் வரும் ஒய் குரோமோசோம் உங்களிடம் இல்லை, அவரிடம் இருக்கிறது.

அம்மாவுக்கு மறதி 'தொடங்கிவிட்டது' என்கிறீர்கள். அப்படியானால் அவர் சம்மதம் சொல்லக்கூடிய நல்ல நாட்கள் இன்னும் இருக்கின்றன. காலை வேளையில், அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எதற்கு எடுக்கிறோம் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது என டாக்டர் எழுதித் தரட்டும். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுப்பதுதான், வலி இல்லை. வீட்டில் நீங்களே எடுத்து வைப்பதாக இருந்தால் நன்றாகக் காயவிட்டுக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூசணம் பிடித்துவிடும். ஆனால் கோர்ட்டுக்கு நிற்க வேண்டுமென்றால், அடையாள அட்டையைப் பார்த்து, சாட்சி வைத்து, சோதனைக்கூடத்தார் தங்கள் கையாலேயே எடுத்த மாதிரிதான் வேண்டும். இரண்டையும் செய்யுங்கள்.

அதே வாரத்தில் அம்மாவுக்கு நினைவிருப்பதை அவர் வாய்மொழியிலேயே பதிவு செய்யுங்கள். ஒரு சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் சத்தியப் பிரமாணமாக எழுதி வாங்குவது நல்லது. அன்று அவன் போட்டிருந்த சட்டை, உடம்பில் இருந்த மச்சம், எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவான், யார் மடியில் உட்காருவான்.

அந்தக் கடைசிக் கேள்வியை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். 'பிள்ளை அழவே இல்லையாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வயதுப் பிள்ளை முன்பின் தெரியாத ஒருவர் தூக்கினால் பெரும்பாலும் கத்தும். இனிப்பைக் காட்டினால் அடங்கும் பிள்ளைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் இந்த ஒரு வரியை வைத்துப் பார்த்தால், தூக்கியவர் அந்தத் தெருவுக்குப் பழக்கமான முகமாக இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. பினாங்குப் பாலம் 1985-இல்தான் திறந்தது. அன்றைக்குத் தீவை விட்டுப் பெருநிலத்துக்குப் போக ஃபெரிதான் வழி. துறைமுகம் நடந்து போகிற தூரம். ஃபெரி பக்கம் போனார் என்றால் தீவில் தேடியது மட்டும் போதாது. பட்டர்வொர்த், பிறை, அங்கிருந்து ரயில், பஸ் போகும் ஊர் அத்தனையும் கணக்கில் வரும்.

அந்தத் தெருவில் அன்று இருந்தவர்கள் இப்போது எங்கே? இதுதான் கடினம். ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் பழைய வாடகைக்குக் குடியிருந்தவர்களைக் காத்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி 1 முதல் இல்லாமல் போனது. ஒரே மாடியில் பத்துக் குடும்பம் இருந்த வீடுகள் காலியாகின. உங்கள் சாட்சிகள் பாயான் பாரு, ஆயர் ஈத்தாம், புக்கிட் மெர்தாஜாம் என்று அடுக்குமாடிகளில் சிதறிக் கிடப்பார்கள். அவர்களைத் தேடுவதற்கு உங்களைவிடத் தகுதியான ஆள் போலீஸிலும் இல்லை, என் அலுவலகத்திலும் இல்லை. அந்த மாடியில் யார் எந்த அறையில் இருந்தார்கள் என்று ஒரு படம் வரையுங்கள். பூ வாங்க வந்தவர்கள், பால் ஊற்றியவர், துணி வெளுத்தவர், பிரசவம் பார்த்த அம்மா, குழந்தை இல்லை என்று கோயில் கோயிலாகப் போன தம்பதி, திடீரென்று ஊர் மாறிப் போனவர்கள் எல்லோரையும் குறியுங்கள். 1984-இல் வாயைத் திறக்கப் பயந்த ஒருவருக்கு இன்று எழுபது வயதாகியிருக்கும். அவர் யாருக்குப் பயந்தாரோ அந்த ஆள் இறந்தும் போயிருக்கலாம். பழைய வழக்குகளில் கதவு திறப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆனால் யார் மீது சந்தேகம் வந்தாலும் அவர் வீட்டுக்குப் போய் நிற்காதீர்கள், வாட்ஸ்அப்பில் பெயர் போடாதீர்கள். தவறாக இருந்தால் ஒரு குடும்பத்தின் மானம் போகும், உங்கள் மேல் வழக்கும் வரும். சரியாக இருந்தால் அவர்கள் கையில் இருக்கும் தாள்கள் அன்றிரவே எரிந்துவிடும்.

இனி போலீஸ். பிள்ளைக் கடத்தலுக்கு நம் நாட்டில் காலாவதி கிடையாது. நாற்பது ஆண்டு கழித்தும் குற்றம் சாட்டலாம். கோப்பு 'என்எஃப்ஏ', அதாவது மேல் நடவடிக்கை இல்லை என்று கட்டி வைக்கப்பட்டிருக்கும். அதைத் தள்ளுபடி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். புதிய தகவல் வந்தால் மறுபடி திறக்கலாம்.

அந்தக் கோப்பு மெல்லியதாக இருந்தால் ஆத்திரப்படாதீர்கள். உங்கள் தம்பி காணாமல் போன அதே 1984-ஆம் ஆண்டின் செப்டம்பரில்தான் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ், ஆளுக்கு ஆள் வேறுபடும் டிஎன்ஏ அடையாளத்தை முதன்முதலாகக் கண்டார். அன்று உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டை எழுதிக்கொண்ட அதிகாரிக்கு அப்படி ஒன்று வரப்போவதே தெரியாது. பிள்ளை காணவில்லை என்றால் உடனே நாடெங்கும் அறிவிக்கும் 'நூர் அலர்ட்' முறைகூட 2011-இல்தான் வந்தது. அதற்கும் 2007-இல் கோலாலம்பூர் வாங்சா மாஜுவில் இரவுச் சந்தைக்குப் போன ஓர் எட்டு வயதுச் சிறுமியின் உயிர் போக வேண்டியிருந்தது.

ஆகவே புதிய ரிப்போர்ட் ஒன்று செய்யுங்கள். எந்த நிலையத்திலும் செய்யலாம். சம்பவம் நடந்தது தீவில் என்பதால் ஜாலான் பட்டாணியில் உள்ள வடகிழக்கு மாவட்டத் தலைமையகத்துக்கே போவது நல்லது என்பேன். அப்பாவின் பழைய தாள்களில் ரிப்போர்ட் எண் இருக்கிறதா பாருங்கள். அது கிடைக்காவிட்டாலும், தமிழ் நேசன் செய்தியை வைத்துத் தேதியை நிலைநாட்டலாம். 1924-இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019-இல் நின்றுபோனாலும், கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் பழைய இதழ்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் வெட்டி வைத்த துண்டு மட்டும் போதாது, முழுப் பக்கத்தையும் பாருங்கள். அன்றைய நிருபர் அக்கம்பக்கத்தாரின் பெயரை எழுதியிருப்பார்.

புதிய ரிப்போர்ட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு அப்பா காலத்தில் கிடையாது. ரிப்போர்ட் செய்தவர், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்கலாம் என்கிறது அது. ரிப்போர்ட் செய்து நான்கு வாரம் கழியட்டும், பிறகு கேளுங்கள். கேட்ட இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அரசு வழக்கறிஞருக்கு எழுதலாம். விசாரணைக்குக் கெடுதல் தரும் விவரத்தை மட்டும் அவர்கள் சொல்லாமல் விடலாம். உங்கள் பெயரில் ரிப்போர்ட் இருந்தால் இந்த உரிமை உங்களுடையது. அதிலேயே இன்னொன்றும் எழுதிக் கேளுங்கள்: 2009-ஆம் ஆண்டின் டிஎன்ஏ அடையாளச் சட்டப்படி போலீஸ் வைத்திருக்கும் தரவு வங்கியில் காணாமல் போனோருக்கென ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. குடும்பத்தின் மாதிரியை அதில் சேர்க்க வேண்டும் என்று விசாரணை அதிகாரியிடம் கோருங்கள். தாயத்து இருக்கிறது என்பதையும் ரிப்போர்ட்டில் பதியுங்கள். பிறப்புப் பத்திரத்தை இணையுங்கள். அந்த எண்ணில் பன்னிரண்டு வயதில் யாராவது அடையாள அட்டை எடுத்தார்களா என்பதைப் பதிவிலாகாவில் போலீஸ் விசாரிக்கலாம். எடுக்கவில்லை என்றால் அவர் வேறு பெயரில், வேறு பிறந்த தேதியில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். பிறப்பைப் பிந்திப் பதிந்திருக்கலாம், பத்திரமே இல்லாமலும் இருக்கலாம். நம்மவர்களில் அப்படிப் பத்திரமில்லாமல் வளர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கும் தெரியும்.

எல்லாம் செய்தும் மெத்தனம் இருக்கலாம். அதையும் மறைக்க மாட்டேன். ஈப்போவில் 2009-இல் பதினோரு மாதக் கைக்குழந்தையைத் தகப்பனிடம் பறிகொடுத்த இந்திரா காந்தி அம்மாவுக்கு, அந்தத் தகப்பனைக் கைது செய்யுமாறு 2016-இல் கூட்டரசு நீதிமன்றமே போலீஸ் படைத் தலைவருக்கு உத்தரவிட்டது. அதன் பிறகும் ஆண்டுகள் ஓடினவே தவிர, மகள் கைக்கு வரவில்லை. உத்தரவு இருந்தவருக்கே அந்த நிலை. அதனால்தான் போலீஸை மட்டும் நம்பி உட்காராமல், உங்கள் கையால் ஆகிற வேலையை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்படி ஒரு வேலை, உங்கள் மகன் செய்யக்கூடியது. வெளிநாட்டு நிறுவனங்கள் உமிழ்நீரை வாங்கி உறவினர் யார் என்று காட்டும் சோதனை உண்டு. அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் 1951-இல் பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுவனை ஒரு பெண், மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்று அவன் தாய்மொழியான ஸ்பானிய மொழியில் பேசி அழைத்துப் போய்விட்டாள். அவன் நாட்டின் மறு கோடியில் வேறொரு தம்பதியின் பிள்ளையாக வளர்ந்தான். 2020-இல் அவனுடைய சகோதரியின் மகள் ஒருத்தி விளையாட்டாக இந்தச் சோதனையைச் செய்தாள். 22 விழுக்காடு ஒத்துப்போகும் ஒரு முதியவர் திரையில் வந்தார். 2024-இல் போலீஸ் உறுதி செய்தது. எழுபது ஆண்டு தாண்டி அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கடைசிவரை மகன் உயிரோடிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்த தாய் 2005-லேயே போய்விட்டார்.

நம்மவர்கள் அந்தத் தரவுகளில் குறைவு. உடனே கிடைத்துவிடும் என்று நினைக்காமல் போட்டு வையுங்கள். இன்னொரு எச்சரிக்கை: இந்தச் சோதனை வீட்டுக்குள் இருக்கும் வேறு கதைகளையும் வெளியே கொண்டுவரும். சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தையை நம் வீட்டில் தமிழ்ப் பிள்ளையாக வளர்த்த கதை பினாங்கிலும் கோலாலம்பூரிலும் எத்தனையோ. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பாட்டியோ அத்தையோ இருந்தால், அதைத் தெரிந்துகொள்ள எல்லோரும் தயாரா என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

சுங்கை சிப்புட்காரரிடம் வருகிறேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். முதலில் போக வேண்டியவர் அம்மா இல்லை. அவர் அந்த முகத்தைப் பார்த்த நிமிடமே மகன் என்று சொல்லிவிடுவார். பிறகு சோதனை 'இல்லை' என்றால், அவருக்கு இரண்டாவது முறையும் அதே பிள்ளை தொலையும். மறதி உள்ளவருக்கு அதை நீங்கள் தினம் தினம் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

புருவத் தழும்பை ஆதாரமாக எடுக்க வேண்டாம். ஓடி விழுந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அங்கே தழும்பு இருக்கும். அவருக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்பதிலும் பயனில்லை. மூன்று வயதுக்கு முந்தியது பெரும்பாலும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. நீங்கள் கடைத்தெரு, பூ, ஃபெரி என்று சொல்லச் சொல்ல அவர் மனம் அதையே தன் நினைவாகக் கட்டிக்கொள்ளும். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, ஏங்குகிற மனம் அப்படித்தான் செய்யும். ஆகவே குறைவாகச் சொல்லுங்கள். உடம்பில் உள்ள ஓர் அடையாளத்தை, குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் செய்தி இவ்வளவு போதும்: "வணக்கம் அண்ணன். எங்கள் குடும்பத்தில் 1980களில் ஒரு பிள்ளை காணாமல் போனது. உங்கள் பேச்சைக் கேட்டோம். உங்களுக்கு விருப்பமிருந்தால் ஒரு டிஎன்ஏ சோதனை செய்து பார்க்கலாம். விருப்பமில்லை என்றாலும் தவறாக நினைக்க மாட்டோம்." செலவு உங்களுடையது. சோதனை இல்லாமல் காசு கேட்டால் அதோடு பேச்சை நிறுத்துங்கள்.

அவர் உங்கள் தம்பி இல்லை என்று வந்தால், அந்தத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போய்விடாதீர்கள். நேரில் சொல்லுங்கள். அவரும் யாரோ ஓர் அம்மாவைத் தேடிக்கொண்டிருக்கிறவர்.

தம்பிதான் என்று வந்தால்? அவருக்கு ஒரு வளர்ப்பு அம்மா இருப்பார். அந்த அம்மா கடத்தியவராக இருக்கலாம், ஒன்றும் தெரியாமல் வாங்கி வளர்த்தவராகவும் இருக்கலாம். வழக்கு நடந்தால் வயதான அவரைப் போலீஸ் விசாரிக்கும் என்பதை உங்கள் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1997-இல் கேப்டவுன் மருத்துவமனையில் திருடப்பட்ட குழந்தை, பதினேழு வயதில் சொந்தத் தங்கை படித்த அதே பள்ளியில் கண்டுபிடிக்கப்பட்டாள். வளர்த்தவளுக்குப் பத்தாண்டு சிறை. அந்தப் பெண்ணோ வளர்த்தவளைத்தான் அம்மா என்று விட்டுக்கொடுக்காமல் இருந்தாள். உங்கள் தம்பிக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. வந்து சேர்வதா, எட்ட நிற்பதா என்பதை அவர்தான் முடிவு செய்வார். அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்யுங்கள்.

மாமாவுக்கு: சாட்சியச் சட்டம் 1950-இன் 108-ஆவது பிரிவு, ஒருவரைப் பற்றி இயல்பாகச் செய்தி வரவேண்டியவர்களுக்கு ஏழாண்டு செய்தி வராவிட்டால் இறந்ததாக அனுமானிக்க இடம் தருகிறது. ஆனால் தன் தாய் யாரென்றே தெரியாத மூன்று வயதுப் பிள்ளையிடமிருந்து செய்தி வராததில் என்ன இயல்பு இருக்கிறது? இதை எந்த நீதிபதியும் கேட்பார் என்பது என் கருத்து. அனுமானம் கிடைத்தாலும், அவர் வந்து நின்றால் முறிந்துவிடும். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், தாத்தா பாட்டியும் அப்போது இல்லை என்றால், பங்கீட்டுச் சட்டப்படி வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகள் இருவருக்கு. அதாவது மூவருக்கும் சம பங்கு. தம்பியின் பங்கு அப்படியே நிற்கட்டும். அந்த வீட்டில் நீங்களும் அம்மாவும் குடியிருப்பதை யாரும் தடுக்கவில்லை. மாமாவுக்கு என்ன அவசரம் என்று எனக்குப் புரியவில்லை.

கருமாதி என் துறை இல்லை, ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பைப் பற்றி 1970களிலிருந்து ஆராய்ந்தவர் பாலின் பாஸ் என்ற அமெரிக்க அம்மையார்; வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்துத் தொடங்கினார். இவர்களிடம் போய் 'முடித்துக்கொள்' என்று நெருக்கக் கூடாது என்பார். அம்மா தானாகக் கேட்கும்வரை செய்ய வேண்டாம். அவன் பிறந்தநாளில் தண்ணீர்மலைக் கோயிலில் ஓர் அர்ச்சனை வையுங்கள், அவன் நட்சத்திரத்துக்கே.

மை போடுகிறவருக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். அந்த மூவாயிரத்தை டிஎன்ஏ சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்களை விடாத அந்த நினைப்பு. நம் தண்டனைச் சட்டத்தின் 82-ஆவது பிரிவு, பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது என்கிறது. எட்டு வயதுப் பிள்ளையைக் குற்றவாளி என்று நிறுத்த இந்த நாட்டின் எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை. நாற்பது வருடமாக நீங்கள் மட்டும் அவளை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அவள் இந்த வழக்கில் சாட்சி, சகோதரி. உயிரோடிருக்கும் முதல் சாட்சி. அவளிடம் யாரும் இதுவரை வாக்குமூலம் வாங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

வாங்குங்கள். அம்மாவிடமும் உறவுக்காரர்களிடமும் பேசுவதற்கு முன்னால், தனியாக உட்கார்ந்து எழுதுங்கள். நீங்களே பார்த்தது வேறு, பிறகு அப்பா சொல்லக் கேட்டது வேறு. இரண்டையும் இரண்டு தாளில் எழுதுங்கள். வண்டி கடைத்தெருவின் எந்த முனையில் நின்றது, கூம்பை எந்தக் கையில் வாங்கினீர்கள், உங்கள் முதுகு எந்தப் பக்கம் இருந்தது, திரும்பியபோது அம்மாவுக்கும் உங்களுக்கும் நடுவில் யார் யார் நின்றார்கள்.